பாதி முகம்

பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். நாலு பேர் நடுவில் பேசவே கூசுகிறவள், ஒரு கலைஞரைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். எழுதத் தெரிந்தவர்கள் யாரும் எழுதவில்லை, அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஜபதி அண்ணனின் போட்டோ ஸ்டுடியோவைத் தாண்டும்போதெல்லாம் புளித்த காடி போல ஒரு வாடை மூக்கில் ஏறும். 'ஹைப்போ' என்று அவர் சொல்லும் அந்த மருந்துத் தண்ணீரில்தான் படங்களைக் கழுவுவார். தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியின் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் கலர் பிலிமை வேலூருக்கு அனுப்பிக் கழுவி வாங்கிக்கொண்டிருக்க, இவர் மட்டும் கறுப்பு வெள்ளையை விடாமல், 'பிளாஷ்' விளக்கையும் பூச்சாடியையும் ஒதுக்கிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்காகக் காத்திருந்து ஒரே ஒரு படம் எடுப்பார். கல்யாணக்காரர்கள் அவரை 'இருட்டு கஜா' என்பார்கள். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் நடந்த ஓவியக் கண்காட்சிக்குத் தன் படங்களைக் கொண்டுபோனார். "இது மிஷின் போட்ட படம்ப்பா, ஓவியத்தோட மாட்ட முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். "ஆரணியில உக்காந்துகினு இந்தப் பேச்சு பேசறீங்களே, பட்டுப் புடவைய தறியா நெய்யுது?" என்று கேட்டுவிட்டு, எதிரே இருந்த வேப்பமரத்தில் கயிறு கட்டி, சாயம் போட்ட நூலைக் காயப்போடுவதுபோலப் படங்களை வரிசையாகத் தொங்கவிட்டார்.

அப்படிப்பட்டவரிடம், அக்காவைப் பெண் கேட்பவர்களுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கச் சொன்னது அப்பாவின் போதாத காலம். யார் கல்யாணத்துக்கோ அக்கா நெய்துகொண்டிருந்த முகூர்த்தப் புடவை தறியில் பாதியில் நின்றதால் அக்கா வெளியே போக முடியவில்லை. அவரே வீட்டுக்கு வந்தார். எங்கள் தறிக்கு மேலே கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு, வெளிச்சம் ஒரு பக்கமாகத்தான் இறங்கும். நிமிரச் சொல்லாமல், சிரிக்கச் சொல்லாமல், அக்கா நெய்துகொண்டிருக்கும்போதே எடுத்தார். கழுவிக் காய்ந்ததும், பிள்ளை வீட்டுக்குப் போகக் கண்ணமங்கலம் பஸ்ஸுக்கு நின்றிருந்த கல்யாணத் தரகரிடம் நேராகக் கவரைக் கொடுத்துவிட்டார். மாலையில் இன்னொரு பிரதியோடு வீட்டுக்கு வந்தபோதுதான் அப்பா பார்த்தார். ஒரு கன்னம் வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்தது. மறுபக்கம் முழுக்க இருட்டு.

"இன்னா கஜா இது? மீதி மூஞ்சி எங்க?"

"இருக்குதுண்ணா. கொஞ்ச நேரம் நின்னு பாத்தா தெரியும்."

"வெளையாட என் பொண்ணுதான் கெடச்சாளா? இந்த எடம் தட்டிப்போச்சுன்னா உன் கடைக் கண்ணாடி இருக்காது, சொல்லிட்டேன்."

அப்பா பயந்தது சரியாகத்தான் இருந்தது. பெண்ணின் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு: கையை மறைத்தால் கையில் குறை, உட்கார்ந்தே இருந்தால் காலில் குறை. பாதி முகம் இருட்டென்றால்? தீக்காயம் என்றார்கள், தேமல் என்றார்கள். வெள்ளிக்கிழமை வருகிறோம், பகலிலேயே வருகிறோம் என்று பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். பிடிக்கவில்லையென்றால் வாயால் சொல்லும் வழக்கமில்லை. வாங்கிய படத்தைத் திருப்பி வைப்பார்கள், அவ்வளவுதான். அதனால் வெள்ளிக்கிழமை எங்கள் எல்லார் கண்ணும் பிள்ளையின் அத்தை மடியில் வைத்திருந்த பையின் மேலேயே இருந்தது. கூப்பிடாமலே கஜபதி அண்ணனும் வந்து கதவோரம் நின்றார். அம்மா கண்ணாலேயே போகச் சொல்லியும் அவர் நகரவில்லை.

"வா கண்ணு, வெளிச்சத்துக்கு வா. இந்தாண்ட திரும்பு." அத்தை அக்காவின் மோவாயைப் பிடித்துத் திருப்பி, பவுடர் பூசி மறைத்திருக்கிறோமா என்று கட்டைவிரலால் கன்னத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். கன்னம் சிவந்ததே தவிர விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "ஒண்ணும் இல்லியே. அப்புறம் எதுக்கு மறைச்சீங்க?"

அக்காதான் சொன்னாள். "மறைக்கலீங்க. நெய்யும்போது நான் அப்படித்தாங்க இருப்பேன்."

"பரவால்ல, வாய் இருக்குது" என்று அத்தை சிரித்தார். அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. சிரித்துக்கொண்டே அத்தை பையைத் திறந்து, படத்தை எடுத்துக் காபித் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. ஆனா படம் நாலு வூட்டுக்குப் போயி, தீக்காயம்னு பேச்சு கெளம்பிடுச்சு. ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் இல்லன்னு யாரு சொல்லிகினு இருக்கறது? பேஜாருங்க."

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அப்பா அந்தப் படத்தை இரண்டு கையாலும் பிடித்தார், கிழிக்க. அக்கா அவர் மணிக்கட்டைப் பற்றினாள்.

"கிழிக்காதப்பா. என் மூஞ்சிய அவங்க தேய்ச்சிப் பாத்தாச்சு. இதுல யாரும் இன்னும் கை வெக்கல."

படத்தை வாங்கிக் கஜபதி அண்ணனிடம் நீட்டினாள். "கடையில மாட்டுண்ணா."

கல்யாணமாகாத பெண்ணின் படத்தைக் கடைக் கண்ணாடிக்குள் மாட்டுவது எங்கள் தெருவில் யாரும் கேள்விப்படாதது. கஜபதி அண்ணன் படத்தை வாங்கிக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை; சரியென்றும் சொல்லவில்லை.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. கஜபதி அண்ணன் இல்லை, ஹைப்போ வாடை இல்லை. வீட்டைத் தளம் போட்டுக் கட்டியபோது கண்ணாடி ஓடும் போய்விட்டது. பின்னால் சேவூரில் வாழ்க்கைப்பட்ட அக்காவை அவள் பிள்ளைகள் செல்போனில் படமெடுக்கிறார்கள். எல்லாப் படத்திலும் முழு முகமும் ஒரே வெள்ளையாக விழுகிறது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் அப்பா கடைத்தெருவுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஸ்டுடியோ கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் படம் மாட்டியிருந்தது. அப்பா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஜரிகை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.