ஜமுக்காளத்துக்குள் ஒரு நீலப் பொறி

பெயிண்ட் வாசனை, மல்லிப்பூ வாசனை, பெட்ரோல் வாசனை... மூன்றும் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு ஜெசிந்தாவின் கல்யாணம்தான் ஞாபகம் வரும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுக்கு எதிர் குவார்ட்டர்ஸ் அவளுடையது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தபோதும் ஒரே பெஞ்ச். அவள் அப்பா அந்தோணி அங்கிளுக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. யாரோ கழித்துவிட்ட அரதப்பழசான கார் ஒன்றை வாங்கி, லீவு நாளெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக் கிடப்பார்.

"எம் பொண்ண மாதா கோயிலுக்கு இதுலதான் இட்டுக்கினு போவேன்" என்று பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கல்யாணத்துக்காகப் புதுசாகப் பச்சைப் பெயிண்ட் வேறு. வெளியே மட்டுமா? பானெட்டைத் திறந்தால் உள்ளேயும் பச்சைப் பசேல். ஒரு இடுக்கு விடவில்லை மனுஷன்!

கல்யாணத்தன்று காலை... கார் கிளம்பவில்லை.

"ஸ்பார்க் வீக்கா இருக்கு" என்று முனகிக்கொண்டே பிளக் மாற்றினார், பாயின்ட் மாற்றினார். ஸ்டார்ட்டர் முக்கியதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா வாட்ச்சைப் பார்த்தார்.

"இந்த ஓட்ட வண்டிய நம்பிக்கினு நிக்கணுமா? வேன் ரெடியா இருக்குதுங்க."

அங்கிள் முகம் செத்துப்போய்விட்டது. "நீ வேன்லயே போம்மா. நான் பின்னாடியே சைக்கிள்ல வந்துடறேன்" என்றார் மகளிடம்.

ஜெசிந்தா உள்ளே போய், அப்பாவின் காக்கிச் சட்டையைக் கல்யாணப் புடவைமேல் மாட்டிக்கொண்டு வந்தாள். "ஐயோ, பொடவடி... பொடவ!" என்று அவள் அம்மா அலறியது அடுத்த பிளாக்குக்கே கேட்டிருக்கும்.

"ஏய், அந்த ஜமுக்காளத்த எடுத்தா. வெயில்ல பொறி தெரியாது" என்றாள் என்னிடம்.

பானெட்டின்மேல் அதைப் போர்த்தி, இரண்டு பேரும் உள்ளே தலையை நுழைத்தோம். அங்கிள் சாவியைத் திருப்பினார். பிளக் வயர் நுனியில் பொறி வந்தது... நூல் மாதிரி மெலிசாக, மஞ்சளாக.

"ஹெட்லைட்ட போடுப்பா!"

போட்டார். பளிச்சென்று எரிந்தது.

"லைட்டு இப்படி எரியுதுன்னா பேட்டரி நல்லாத்தான் இருக்கு. இன்ஜின் பக்கம் மட்டும் எல்லாம் சோந்து போவுது. அப்ப கரண்ட் திரும்பிப் போற வழிதான்டி சரியில்ல" என்றாள்.

எனக்கும் அதே டிப்ளமோதான். என் மண்டையில் அப்போது ஓடியது, இவள் பவுடர் எல்லாம் வியர்வையில் கரைகிறதே என்பது மட்டும்தான்!

இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினாள். அடியில் கெட்டியாகப் பச்சைப் பெயிண்ட். அங்கிள் ஆசை ஆசையாக அடித்ததுதான் கரண்டை மறித்துக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் கிள்ளினாள். "மூச்சு வுடாத. மாப்ள வூட்டுக்காரங்க நிக்கறாங்க."

கேக் வெட்ட ரிப்பன் கட்டி வைத்திருந்த கத்தியை வாங்கிச் சுரண்டினாள். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தகரம் பளபளத்தது. போல்ட்டை முடுக்கி மறுபடி பார்த்தோம். சட்சட்டென்று... நீலப் பொறி!

வெளியே வந்து எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். "ஒண்ணும் இல்லப்பா, போல்ட் லூஸு."

கார் உடனே பிடித்துக்கொண்டது. முதலில் கை தட்டியது அந்தச் சித்தப்பாதான். கோயில் வரைக்கும் அங்கிள்தான் ஓட்டினார். பின் சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்தேன், முகத்தில் அப்படி ஒரு கர்வம்.

இன்றைக்கு என் கார் நின்றால் போன் போடுகிறேன், லாரி வந்து தூக்கிக்கொண்டு போகிறது. என்ன கோளாறு என்று நானும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

ரிட்டயரான அங்கிள் இப்போது மந்தாரக்குப்பத்தில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அதே கார்... இப்போது நீல நிறம். பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ளேயும் நீலம்தான். எர்த் போல்ட்டைச் சுற்றி மட்டும் வெறும் தகரம், துரு ஏறாமல் தேய்த்து வைத்திருந்தார்.

"எத்தினியோ தடவ பெயிண்ட் அடிச்சிட்டேன். இந்த எடத்துல மட்டும் பிரஷ்ஷ வைக்கறதில்ல" என்றார்.

நான் ஒன்றும் தெரியாதவள் போல நின்றேன்.

"போல்ட் லூஸுன்னு சொன்னா பாரும்மா எம் பொண்ணு... அத்தினி பேருக்கு முன்னால" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பானெட்டை மூடினார்.