தொண்டைக்கு மேலே

துப்புவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். துபாயில் ஹோட்டல்களுக்கு ஒயின் இறக்குமதி செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. வந்து இறங்குகிற சரக்கை ருசி பார்த்து, எது எந்த ஹோட்டலுக்குப் போகும், எதை யார் தலையிலும் கட்ட முடியாது என்று சொல்ல வேண்டும். ஒரு வாய் எடுத்து, நாக்கால் புரட்டி, கூடவே கொஞ்சம் காற்றை உறிஞ்சி, பக்கத்தில் இருக்கிற வாளியில் துப்பிவிட வேண்டும். அடுத்தது, அதற்கடுத்தது என்று மதியம் வரைக்கும் போகும். விழுங்க ஆரம்பித்தால் பாதியிலேயே ஆள் காலி.

முதன்முதலில் பயிற்சிக்கு உட்கார்ந்தபோது அறையில் பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்களும் மலையாளிகளும்தான். ஒருவருக்கும் துப்ப வரவில்லை. பெரிய மனிதர் ஒருவர் தன் கையால் ஊற்றிக் கொடுத்ததை அவர் கண்ணெதிரிலேயே துப்புவதாவது! நம் வளர்ப்பு அப்படி. எல்லாரும் மரியாதையாக விழுங்கி வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் ஒருவர் மேஜையிலேயே கவிழ்ந்து தூங்கிப்போனார். நான் மட்டும் முதல் வாயிலிருந்தே கூச்சமில்லாமல் துப்பினேன். பயிற்சி கொடுத்த வெள்ளைக்காரர் என் தொழில் பக்தியை எல்லார் முன்னாலும் பாராட்டினார். அது பக்தி இல்லை, பயம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

என் அப்பா குடித்தே செத்தவர். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் சாராயக்கடை வாசலில் விழுந்து கிடப்பார். அண்ணன் தலைமாட்டைப் பிடிப்பான், நான் கால்மாட்டைப் பிடிப்பேன். இருவருமாகத் தூக்கி வருவோம். வழியில் யாராவது பார்த்தால் அண்ணன் முறைப்பான். அவனுக்குக் கோபம், எனக்கு வெட்கம். அப்பா போன பிறகு அண்ணன் சவூதிக்குப் போனான். ஜுபைலில் ஓர் ஆலையில் பைப் ஃபிட்டர். என்னைக் கேட்டரிங் படிக்க வைத்தது அவன்தான். நான் துபாயில் ஒரு ஹோட்டலில் பரிமாறுகிறவனாகச் சேர்ந்து, பிறகு ஒயின் பயிற்சிக்குத் தேர்வான அன்று, அவனுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

"நாக்கோட நிறுத்திக்க," என்றான். "தொண்டைக்குக் கீழ ஒரு சொட்டு போச்சுன்னா அப்பறம் என் மூஞ்சியில முழிக்காத. அப்பா மேல சத்தியம் பண்ணு."

போயும் போயும் அப்பா மேலா என்று இருவருக்குமே தோன்றவில்லை. செய்தேன். அன்றிலிருந்து காப்பாற்றியும் வந்தேன். சத்தியத்துக்காக மட்டும் இல்லை. அந்த ரத்தம்தானே எனக்குள்ளும் ஓடுகிறது; ஒரு மடக்கு உள்ளே இறங்கினால் அப்பா எனக்குள்ளிருந்து எழுந்து வந்துவிடுவார் என்ற பயம் எப்போதும் இருந்தது.

சத்தியம் வாங்கியவனைப் பற்றி நான் பயந்ததே இல்லை. அவன் இருந்தது மது அடியோடு கிடையாது என்கிற நாட்டில். அங்கே போனால் இவனாவது பிழைப்பான் என்றுதான் அம்மாவும் அனுப்பி வைத்தாள். ஆனால் தொழிலாளர் கேம்ப் என்று ஒன்று இருந்தால் அதற்குள் சீனியையும் ஈஸ்ட்டையும் பழச்சாற்றையும் ஊறப்போட்டுக் காய்ச்சுகிறவன் ஒருவனும் இருப்பான். தண்ணீர் பாட்டிலில்தான் வருமாம். பார்த்தால் தண்ணீர் மாதிரியே இருக்குமாம். எத்தனை வருடமாக என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கம்பெனி மெடிக்கலில் மாட்டிக்கொண்டான். கல்லீரல் போய்விட்டது. விசாவை ரத்து செய்து, எக்ஸிட் அடித்து அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்குப் போவதற்கு முன் இரண்டு வாரம் எங்களோடு இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தான். ஏர்போர்ட்டில் அவன் கண்ணைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கராமாவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து சேருகிற வரைக்கும் காரில் வெயிலைப் பற்றியே பேசினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் என் மகள் அவன் மடியில் ஏறி, முகத்தைக் கையால் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "பெரியப்பா, ஒய் ஆர் யுவர் ஐஸ் யெல்லோ?"

"மஞ்சக் கண்ணாடி போட்டுருக்கேன் கண்ணு. உள்பக்கமா."

அவள் நம்பினாள். என் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக்கூடாது என்று அவனிடம் சொன்னார். அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம், நிறுத்தினால் கொஞ்சம் காலம் கிடைக்கும், நிறுத்தாவிட்டால் அதுவும் இல்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஹால் அலமாரியில் இருந்த சாம்பிள் பாட்டில்களை எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுபோய்விட்டேன். சாயங்காலம் அண்ணன் அந்தக் காலித் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"இங்க என்னடா இருந்துச்சு?"

"புத்தகம்ண்ணே."

"புத்தகத்துக்கு அடி வட்டமாவா இருக்கும்?"

தூசியில் வட்டம் வட்டமாகத் தடம். துடைக்க மறந்திருந்தேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். ஆனால் அவனுக்கு அது வலித்தது என்று எனக்குத் தெரியும். கள்வனிடமிருந்து ஒளிப்பது போல ஒளித்திருக்கிறேன் அல்லவா.

அந்த வாரம்தான் தேரா பகுதியில், க்ரீக் என்கிற கடற்கழி ஓரத்து ஹோட்டல் ஒன்றில் அந்தச் சிவப்பு ஒயினை ருசி பார்த்தேன். ஐரோப்பாவில் முந்நூறு வருடமாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிற தோட்டமாம். அந்தக் குடும்பத்துப் பெண்மணியே வந்திருந்தார். நரைத்த தலை, மண் வேலை செய்த கை. தாத்தாவின் அப்பா நட்ட கொடிகளில் இன்னமும் காய்க்கிறது என்று படம் காட்டினார். போரின்போது பாட்டிகள் சுவர் எழுப்பிப் பாட்டில்களை மறைத்து வைத்த கதையைச் சொன்னார். இந்த மாதிரிக் கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எந்தத் தோட்டத்துக்கு வேண்டுமானாலும் பொருந்தும். எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆனால் அந்த ஒயினை வாயில் விட்டதும் எரிச்சல் போய்விட்டது. முதலில் நாவல்பழம். பிறகு நனைந்த மண். பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனை. கடைசியில் துவர்ப்பு, வாழைப்பூவில் இருக்கிற அதே துவர்ப்பு, நாக்கை மெல்லப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தது. வாளிக்குக் குனிந்தவன் கொஞ்சம் தயங்கினேன். அப்படி நான் தயங்கியதே இல்லை. பிறகு துப்பினேன்.

அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. உங்கள் குடும்பமும் இந்தத் தொழில்தானா என்று கேட்டார். எங்கள் குடும்பத்துக்கும் தலைமுறை அனுபவம் உண்டு அம்மா, நாங்கள் பாட்டிலின் அந்தப் பக்கம் இருந்தோம் என்று வாய்வரை வந்துவிட்டது. இல்லை என்று தலையாட்டினேன். கிளம்பும்போது ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

அதைக் கார் டிக்கியிலேயே விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அரிசி மூட்டையை இறக்க அண்ணன் கூடவே வந்தான், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மூட்டையை விட்டுவிட்டுப் பாட்டிலை எடுத்தான்.

"இதுதான் உன் சரக்கா?"

"வச்சிருண்ணே."

"நீ என்னதான் பண்றன்னு நானும் பாக்கணும்டா. வாயில வச்சுத் துப்பிடுறேன். உன்ன மாதிரியே."

முடியாது என்றேன். டாக்டரைச் சொன்னேன், அம்மாவைச் சொன்னேன், லிஃப்டில் அக்கம்பக்கத்தார் இருக்கும்போதே சத்தம்கூடப் போட்டேன். அவன் கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்: "இத்தன வருசம் குடிச்சேன். அது என்ன ருசின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அங்க யாரும் வாயில வைக்க மாட்டோம்டா. நாத்தம் தாங்காது. மூக்கப் புடிச்சுக்கிட்டு நேராத் தொண்டைக்கு ஊத்துவோம். அவ்வளவுதான். கலாஸ்."

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். ஒருவன் வாழ்நாள் முழுக்க ருசித்தான், குடிக்கவில்லை. ஒருவன் வாழ்நாள் முழுக்கக் குடித்தான், ருசிக்கவில்லை. மனைவியும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பாட்டிலைத் திறந்தேன்.

அடுப்படித் தொட்டி முன்னால் இருவரும் நின்றோம். டம்ளரில் கொஞ்சமாக ஊற்றினேன், ஒரு வாய்க்குக் காணாது. முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பழக்கதோஷம், அவன் மூக்கைப் பிடித்தான், கையைத் தட்டிவிட்டேன். வாயில் விட்டதும் அவன் தொண்டை தானாக ஏறி இறங்கப் பார்த்தது. அது மட்டும்தான் அதற்குத் தெரிந்த வேலை. நான் பாய்ந்து அவன் தாடையைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். "முழுங்காத, முழுங்காதண்ணே, நாக்குலயே வையி." என் விரலுக்கடியில் அவன் தாடை நடுங்கியது. மஞ்சள் கண் இரண்டும் என்னையே பார்த்தன. அவன் விழுங்கினால் நான்தான் ஊற்றிக் கொடுத்தவன் என்று அந்த நொடியில் தோன்றியது.

குனிந்து துப்பினான். தொட்டி முழுக்கச் சிவப்பு. எனக்கு உயிர் வந்தது.

இன்னொரு வாய் என்று சைகை காட்டினான். இந்தத் தடவை நான் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் வைத்திருந்தான். துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"ருசி இருக்குடா," என்றான். "இதுக்கு ருசின்னு ஒண்ணு இருந்துருக்கு பாரு."

அவ்வளவுதான் சொன்னான். மிச்சத்தை அவன் முன்னாலேயே தொட்டியில் கவிழ்த்தேன். "பாவம், முந்நூறு வருசத்துக் குடும்பம்," என்று கிண்டல் செய்தான். அந்த இரண்டு வாரத்தில் அவன் முகம் தெளிந்திருந்தது அன்று மட்டும்தான்.

ஊருக்குப் போனவன் அடுத்த மழைக்கு இல்லை. கடைசி வரைக்கும் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை என்று அம்மா சொன்னாள். காலம் கடந்துவிட்டிருந்தது. நானும் ஊருக்குப் போயிருந்த பதினாறாம் நாள் படையலில் மாமா ஒருவர் குவார்ட்டர் பிராந்தி வாங்கிவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். செத்தவருக்குப் பிடித்ததை வைப்பதுதானே வழக்கம். "அவனுக்கு உசுராச்சே," என்றார். உசுரா? உசுரை வாங்கியது அது. எடுத்து வீசி எறியலாமா என்று வந்தது. எத்தனை பேரிடம் என்ன சொல்லிப் புரிய வைப்பது? படைத்து முடிந்ததும் கொல்லைப்பக்கம் போய் நாலு பேர் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

போன மாதம் வருட திதி. லீவு கிடைக்கவில்லை; கராமா வீட்டிலேயே கும்பிட்டோம். மனைவி கருவாட்டுக் குழம்பும் அவித்த முட்டையும் அவனுக்குப் பிடித்த ரவாலாடும் செய்திருந்தாள். பொழுது சாயும் நேரத்துக்கு இலை போட்டாள். நான் ஆபீஸிலிருந்து அந்த ஒயின், அதே குடும்பத்தின் பாட்டில் ஒன்றை வாங்கி வந்திருந்தேன்.

"சாமி படம் இருக்கற எடத்துலயா இத வைக்கப் போறீங்க?" என்றாள்.

"குடிச்சதுல அவனுக்குப் புடிச்சது இது ஒண்ணுதான்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மேல் தட்டிலிருந்து நல்ல கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "படைச்சதக் கொட்டக்கூடாதுங்க," என்றாள். "யாரு எடுத்துக்கறது?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. படம், விளக்கு, இலை, டம்ளர். மகள் கை கூப்பி நின்றாள். சூடம் காட்டினோம். இலையை எடுத்து அவர்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். டம்ளர் மட்டும் படத்துக்கு முன்னால் இருந்தது.

எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். ஒரு வாய் வைத்தேன். நாவல்பழம், நனைந்த மண், மரப்பெட்டி, துவர்ப்பு, எல்லாம் வரிசை மாறாமல் வந்தன. அதே தொட்டி. இத்தனை வருடப் பழக்கம், கழுத்து தானாகக் குனிந்தது. ஆனால் படைத்ததை எப்படித் துப்புவது? அண்ணனுக்கு வைத்ததை, அண்ணன் எடுத்துக்கொண்ட மிச்சத்தை? வாய் நிறைய வைத்துக்கொண்டு குழாயைப் பிடித்தபடி நின்றேன். என் தாடையைப் பிடிக்க யாரும் இல்லை.

விழுங்கினேன்.

நெஞ்சுக்குள் மெல்லச் சூடாக இறங்கியது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பயம்கூட வரவில்லை. அத்தனை வருடம் பயந்த எனக்கு, அந்த நேரத்தில் அது நன்றாக இருந்தது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் முதல் முறை இப்படித்தான் இருந்திருக்கும். ஹாலில் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. டம்ளரில் இன்னும் மிச்சம் இருந்தது, பாட்டிலில் நிறைய இருந்தது. இன்னொரு வாய் வேண்டும் போல இருந்தது.