ஒம்பதாம் நிலைப் பாட்டு

எங்க வீட்டுக்காரரு ஏசுரத்தினம் பேரு இந்த பீர்மேட்டு எஸ்டேட்டுகள்ல நாலு பேருக்குத் தெரியும்னா, அது ஒரு கேசட்டாலதான். கொழுந்து லாரியில சாக்கு ஏத்துறவருக்கு வேற எதுல பேரு வரும்? நான் செபமாலையம்மாள். முப்பத்தாறு வருஷம் கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனவ. அந்த கேசட்டால எனக்கு வந்தது கேலி மட்டுந்தான்.

தொண்ணூத்தெட்டுல பண்ணது. பெரிய வெள்ளிக்கு நாங்க கோயில்லருந்து குருசுமலை உச்சி வரைக்கும் சிலுவைப்பாதை போவோம். வழி நெடுக பதினாலு மரச் சிலுவை, பதினாலு நிலை. ஒவ்வொண்ணுலயும் நின்னு செபம், நடக்குறப்ப பாட்டு. இருந்த பாட்டெல்லாம் சின்னது. பாட்டு தீர்ந்துரும், மேடு தீராது. அதனால இவரு நிலைக்கு ஒண்ணா பதினாலு பாட்டு புதுசாக் கட்டினாரு. பாட்டுக்குழு ஆளுகளக் கூட்டிக்கிட்டு, குமுளி இறங்கி, தேனியில ஒரு ஸ்டுடியோவுல பதிஞ்சுட்டு வந்தாரு. அந்த வருஷத்துலருந்து சுத்துப்பட்டுல எந்தக் கோயில்லயும் தவக்காலத்துக்கு இந்த கேசட்டுதான்.

பதிமூணு பாட்டும் கல்லையும் அழ வைக்கும், அத நான் மறுக்கல. ஒம்பதாவதுதான் வினை. ஆண்டவர் மூணாந்தடவை விழுகுற நிலை அது. அங்க போயி இந்த மனுசன் பேக்டரியிலருந்து கொண்டு போன ஒரு காலித் தேயிலைப் பெட்டியத் தட்டிக்கிட்டு, "இன்னும் கொஞ்சம் மேடு ராசா, இன்னும் கொஞ்சம் மேடு"ன்னு வேகமா ஒரு பாட்டு. அந்தத் தட்டாவது ஒழுங்கா இருக்கான்னா அதுவுமில்ல. ஒரு தட்டு நேரா விழும், அடுத்தது கொஞ்சம் பிந்தி, இழுத்துக்கிட்டு விழும். ஸ்டுடியோக்காரரு, "அண்ணே, இது வேற கேசட்டுக்கு உள்ள பாட்டா?"ன்னு கேட்டாராம். தட்டு பிந்துது, திரும்ப எடுப்போம்னும் சொல்லியிருக்காரு. "அது அப்படித்தான்"னு சொல்லிட்டு வந்துட்டாரு இவரு.

மறு வாரமே கொழுந்துக் காட்டுல ஆரம்பிச்சுட்டாளுக. "செபமாலை, உங்க வீட்டுக்காரரு கல்வாரிக்கு மாப்பிள்ள ஊர்வலம்லா கொண்டு போறாரு." எத்தனை வருஷம் இதுக்குப் பதில் சொல்ல முடியும்? வீட்டுல வந்து, "ஏன் இப்படிக் கட்டுனீங்க?"ன்னு கேட்டா, "அந்த எடத்துக்கு அதுதான்"னுட்டு டீயக் குடிப்பாரு. அவ்வளவுதான் பேச்சு.

எஸ்டேட்டுல வரிசையா எங்க வீடுக இருக்குற லயத்துல சாவு விழுந்தாலும் இந்த கேசட்டத்தான் போடுவாங்க. எட்டாவது பாட்டு முடியப் போறப்ப யாராவது போயி அடுத்ததத் தள்ளி விடணும். எங்க அண்ணன் செத்தன்னைக்கு அத யாரும் கவனிக்கல. மைக் செட்டுல ஒம்பதாவது ஆரம்பிச்சுருச்சு, வாசல்ல கெடந்த பிள்ளைக எல்லாம் ஆடுது. அப்பா தலைமாட்டுல உக்காந்திருந்த ரிஜின் நிமிந்து பார்த்தான். அண்ணனுக்கு ஒத்த மகன் அவன். நான் எந்திரிச்சுப் போயி ஒயரப் பிடுங்கி எறிஞ்சேன். அந்தப் பாட்ட அன்னைக்கு வெறுத்தவதான்.

இப்ப ரிஜினுக்கு முப்பது வயசு. குமுளியில ஒரு ஓட்டல்ல வேலை, ஓஞ்ச நேரத்துல கம்ப்யூட்டர்ல பாட்டுச் சுத்தம் பண்ணிக் கொடுப்பான். இந்த வருஷம் கோயிலுக்கு எழுபத்தஞ்சு. விழாவுக்கு அந்தப் பழைய கேசட்ட இரைச்சல் எடுத்து, பென் டிரைவுல போட்டு எல்லாருக்கும் கொடுக்கணும்னு கமிட்டி முடிவு. குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, இது ஒரு கிளாசிக் ஆல்பம். சும்மா சொல்லல. ஆனா ஒம்பதாவது பாட்டு மட்டும் அந்த மூடுக்கு ஒட்டவே இல்ல. கமிட்டியில எல்லாருக்கும் அதே அபிப்பிராயம். எடுத்துரட்டுமா?"

இவருக்கு அஞ்சு வருஷமா நெஞ்சு சரியில்ல. நாலு வார்த்தை சேந்தாப்புல பேசினா மூச்சு வாங்கும். "அத்தைகிட்ட கேளு. அவ சொல்றதுதான்"னாரு.

எம்மேல ஏன் தூக்கிப் போட்டாருன்னு அப்ப எனக்கு விளங்கல. யோசிக்கவும் இல்ல. "எடுத்துரு"ன்னேன். "என்னைக்கோ எடுத்திருக்கணும்." இவரு துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு. எனக்கு லேசா ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா இந்த வயசுல யாரு முகத்த யாரு பார்த்துக்கிட்டிருக்க முடியும்? விட்டுட்டேன்.

பெரிய வெள்ளி அன்னைக்குக் காலையிலயே வெயிலு. ரெண்டு பேரு கம்புல ஸ்பீக்கரக் கட்டித் தூக்கிட்டு முன்னால போறாங்க, ரிஜின் போன்லருந்து பாட்டு விடுறான். எட்டாம் நிலை முடிஞ்சா அடுத்து, கொழுந்து எடை போடுற ஷெட்டுக்கு ஏறுற மேடு. பாதையிலயே செங்குத்தான எடம் அதுதான். ஒம்பதாவது பாட்டுதான் இல்லையே, எட்டாவதையே திரும்ப விட்டான். இழுத்து இழுத்து அழுகுற பாட்டு. முன்னால போன கூட்டம் நின்னு நின்னு போச்சு. பாதிப் பேரு நெழலப் பார்த்து ஒதுங்கிட்டாங்க. பாதி மேட்டுல எனக்குக் காலு வரல. முட்டி ரெண்டும் போயி ரொம்ப நாளாச்சு. அதுக்கு முன்னாடியே இடது கணுக்காலு போச்சு. தொண்ணூத்தஞ்சுல ஒரு மழை நாள்ல இதே மேட்டுல கொழுந்துச் சாக்கோட சறுக்கி விழுந்து ஒடச்சுக்கிட்டது. கோணலாத்தான் சேந்துச்சு.

பாதையோரம் ஒரு கல்லுல உக்காந்தேன். ஸ்பீக்கர் சத்தம் தூரமாப் போயிருச்சு. இவரு கம்ப ஊணிக்கிட்டு, தண்ணி பாட்டிலோட பின்னாலயே வந்து பக்கத்துல உக்காந்தாரு. எனக்கு எரிச்சலா வந்துச்சு. "போன வருஷம் இத எப்படித்தான் ஏறுனேனோ"ன்னேன்.

"பாட்டு இருந்துச்சு"ன்னாரு.

"அந்தக் கூத்துப் பாட்டா?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிட்டாரு. "லாரிக்குக் காத்துக்கிட்டு ஷெட்டுல உக்காந்திருப்பேன்லா. நீங்கள்லாம் சாக்கத் தூக்கிட்டு இதுல ஏறி வருவீங்க. மொதல்ல காலுச் சத்தந்தான் கேக்கும், ஆளு பெறகுதான் தெரியும். உன் சத்தம் மட்டும் தனியாத் தெரியும். நீ விழுந்து எந்திரிச்சு வேலைக்குத் திரும்பி வந்த பெறகு. ஒரு அடி நேரா விழும். அடுத்தது பிந்தி, இழுத்துக்கிட்டு விழும். ஆனா நிக்காம வந்துரும்."

இருபத்தேழு வருஷம். கொழுந்துக் காட்டுல, லயத்துல, அண்ணன் சாவுல, எத்தனை தடவை அந்தப் பாட்டத் திட்டியிருக்கேன். அத்தனையும் இந்த மனுசன் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு.

"சொல்லியிருந்தா முத்தா உதிர்ந்துரும்?"

"சொன்னா நீ பார்த்துப் பார்த்து நடப்ப. நடை மாறிரும்."

"சாக்கோட நடந்த நடையா, சும்மா நடந்த நடையா?"

"சாக்கோட. வேலை நாள்ல சாக்கு இல்லாம நீ எப்ப இதுல ஏறுன?"

அழுகை வந்துச்சு எனக்கு. கூடவே கோவமும் வந்துச்சு. இவரு பாட்டிலக் கம்புல தட்ட ஆரம்பிச்சாரு. மெதுவா, ஒண்ணு நேரா, ஒண்ணு பிந்தி. பாட மூச்சு கெடையாது அவருக்கு. எனக்கு அந்தப் பாட்டு முழுக்க மனப்பாடம், வெறுத்தே மனப்பாடம் ஆனது. வாய்க்குள்ளயே பாடிக்கிட்டு எந்திரிச்சேன். வலி ஒண்ணும் குறையல. ஆனா காலுக்கு அடுத்த அடி எங்க விழணும்னு தெரிஞ்சுச்சு. நாங்க மேல போறப்ப ஒம்பதாம் நிலை செபம் முடிஞ்சு கூட்டம் பத்துக்குப் போயிருச்சு.

சனிக்கிழமை ரிஜின் லேப்டாப்போட வந்தான். "அத்தை, பதிமூணு பாட்டு ரெடி. கடைசியா ஒரு தடவை கேட்டுருங்க."

"ஒம்பதாவத அதே எடத்துல வையி."

"ஒட்டலன்னு நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"இப்பவும் ஒட்டலதான். உங்கப்பன் சாவுல ஒயரப் பிடுங்குனவ நான். நாளைக்கே ஒரு சாவு வீட்டுல போட்டாலும் பிடுங்குவேன். ஆனா அந்த மேட்டுக்கு அது வேணும். நேத்து கூட்டம் சிதறினத நீயே பார்த்தியே."

அவனும் நேத்து ஸ்பீக்கரோட அந்த மேட்டுல நின்னவன்தானே. ஒத்துக்கிட்டான். "சரி அத்தை, வச்சுருவோம். ஆனா அந்தத் தட்டு பிந்துது பாருங்க, அத மட்டும் சரி பண்ணிரட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை. எல்லாத் தட்டும் ஒரே அளவா விழுந்துரும்."

கட்டில்ல படுத்திருந்த இவரு தலையத் தூக்கி என்னப் பார்த்தாரு.

"அதுல கைய வைக்காத"ன்னேன். "அது சரியாத்தான் இருக்கு."

ஏன்னு கேட்டான் ரிஜின். டீ போடலாம்னு எந்திரிச்சு, சொவரப் பிடிச்சுக்கிட்டு, ஒரு அடி நேரா, ஒரு அடி பிந்தி, அடுப்படிக்கு நடந்தேன். இவரு கண்ண மூடிக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தாரு.