ரோஸ்லினுக்கு நான் பக்கம் திருப்பிய நாள்

பியானோ மூடியைத் திறந்ததும் குப்பென்று அந்துருண்டை வாசனை வரும்...

பெங்களூர் விவேக் நகரில் சர்ச் பக்கத்து ஸ்கூல் ஹாலில் கிடந்த பழைய பியானோ. எலி உள்ளே புகுந்துவிடக் கூடாதென்று சிஸ்டர்கள் கைநிறைய அந்துருண்டை போட்டு வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் இரண்டு கட்டைகள் அமுங்கினால் எழுந்திருக்காது. ரோஸ்லின் வாசித்துக்கொண்டே சுண்டு விரலால் அவற்றைத் தூக்கிவிடுவாள்.

ரோஸ்லின் எங்கள் சர்ச் பாட்டுக்குழுவில், கொயரில், இருந்த பெண். அப்பா ஆட்டோ ஓட்டினார். வீட்டில் பியானோ எங்கே வரும்? தினமும் ஸ்கூல் விட்டபின் அந்த ஹாலில் இரண்டு மணி நேரம். எட்டு வருஷம் அப்படித்தான். மேடை பியானிஸ்ட் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் பக்கத்து நீலசந்திராவிலிருந்து கொயரில் பாடப் போனவன். வாசிக்க வராது. ஆனால் ஐந்து கோட்டில் எழுதும் மேல்நாட்டு இசைக்குறிப்பு, ஸ்டாஃப் நோட்டேஷன், படிப்பேன். அதை ஏரியா முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அதனால் அவளுக்குப் பக்கம் திருப்பும் வேலை எனக்கு.

சாதாரண வேலை இல்லைங்க அது! இடது பக்கம் நிற்க வேண்டும். அவள் தலையை லேசாக ஆட்டியதும் மேல் நுனியைப் பிடித்துச் சத்தமில்லாமல் திருப்ப வேண்டும். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, விரலில் பேப்பர் ஒட்டும்.

தொண்ணூற்று மூன்றில் வெளிநாட்டு மியூசிக் காலேஜ் ஒன்றிலிருந்து மூன்று பேர் பெங்களூர் வந்தார்கள். ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, முழுச் செலவும் ஏற்றுக் கூட்டிப் போவார்கள். ஒரு வாரம் முன்னால் கொடுத்த புது இசைத் துண்டை நோட்டைப் பார்த்து வாசிக்கணும்.

அதில் ஓரிடத்தில் ரிப்பீட் குறி. வாசித்ததையே திரும்ப வாசிக்க, நான் இரண்டு பக்கம் பின்னால் திருப்ப வேண்டும். வாரம் முழுக்க அப்படியே பழகினோம். தேர்வன்று காலை பஸ்ஸில் ரோஸ்லின் சொன்னாள்.

"டோனி, டைம் இல்லையாம்டா. ரிப்பீட் வேணாம்னுட்டாங்க. பின்னாடி திருப்பாதே, நேரா அடுத்த பக்கம். புரிஞ்சுதா?"

"சும்னே டென்ஷன் ஆவாதே. நான் பார்த்துக்கறேன்" என்றேன், பாதி கன்னடத்தில்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்... அவள் தலையை ஆட்டினாள். என் கை பழக்கத்தில் பின்னால் திருப்பிவிட்டது.

பியானோ நின்றது. இரண்டு விநாடி இருக்கும். அவளே எட்டிப் பக்கத்தைச் சரிசெய்து வாசித்து முடித்தாள். ஆனால் அதற்கப்புறம் நாலைந்து இடத்தில் தப்பு விழுந்தது எனக்கே கேட்டது.

மூவரில் வயதான அம்மா யார் தப்பு என்று இங்கிலீஷில் கேட்டார். தப்பு பக்கம் திருப்பியவருடையது என்றால் மறுபடி வாசிக்கலாம், அதுதான் விதி என்றார்.

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள்.

பக்கம் திருப்ப என்னைச் சிபாரிசு செய்த கொயர் மாஸ்டர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல மேடம், மை மிஸ்டேக்" என்றாள் அவள்.

வேறு ஒரு பையனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்புறம் அவள் கல்யாண ரிசப்ஷன்களில் வாசித்தாள். ஒரு ஹோட்டல் லாபியில் சில வருஷம், காபி கப் சத்தத்துக்கு நடுவே. பிறகு கல்யாணமாகி ஊர் எல்லையில் இருக்கும் சந்தாபுரா போய், அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்குக் கீபோர்டு கிளாஸ். எனக்கு ஐடி கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் பியானிஸ்ட் முன்னால் டேப்லெட்தான். காலால் ஒரு பெடலைத் தட்டினால் பக்கம் மாறுகிறது. அந்த வீடியோக்களைப் பாதியிலேயே மூடிவிடுவேன். அன்றைக்கு இது இருந்திருந்தால் அந்த மேடையில் நான் நின்றிருக்கவே மாட்டேன். அவள் போயிருப்பாள்.

ஒரே ஒரு தடவை அவளிடம் பேசினேன். இரண்டாயிரத்து ஆறில், சந்தாபுராவில் அவள் வீட்டில். "அன்னிக்குத் தப்பு என்னோடது ரோஸ்லின்... மன்னிச்சுடு" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. டீயை என் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குத் தெரியாதாடா? என்கிட்ட எதுக்குச் சொல்றே? அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

அந்த மூன்று பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.