தூக்கலாக எழுதிய மனு

சிதம்பரம் தாலுகா ஆபீசுக்கு எதிரே புங்கமரத்தடியில் மனு எழுதும் அமராவதிக்கு, உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னால் கை வராது. கூரை ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால், “மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே படகு விடுகிறோம்” என்று எழுதுவாள். ஒரு வேளைப் பட்டினி அவள் பேனாவில் இறங்கும்போது ஒரு வாரப் பட்டினி ஆகிவிடும். இதெல்லாம் ரொம்ப ஜாஸ்தி இல்லையா என்று கேட்டால் போச்சு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சண்டைக்கு வருவாள். உள்ளே இருக்கிற மனுசன் ஒரு நாளைக்கு எத்தனை மனு பார்க்கிறார், சப்பென்று எழுதினால் கொட்டாவிதான் விடுவார் என்பாள்.

அவளும் ஒரு காலத்தில் நேராக எழுதியவள்தான். சுனாமி வந்துபோன பிறகு, வலை போன அண்ணனுக்காக அவள் எழுதிய முதல் மனு மொத்தமே நாலு வரி. அது எந்தக் கட்டுக்குள் போய்ப் படுத்ததோ, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று பக்கத்துக்கு ஒப்பாரி வைத்த மனுவுக்குப் பத்தே நாளில் ஆபீசிலிருந்து ஆள் வந்து பார்த்தார்கள். அன்று பிடித்த பழக்கம்தான் இது.

முதியோர் உதவித்தொகை மனு எழுதுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பெற்ற பிள்ளை கைவிட்டிருந்தால்தான் அந்தப் பணம் கிடைக்கும். அதற்கென்றே ஒரு வரி வைத்திருந்தாள்: “நாய்க்குச் சோறு வைக்கும் தட்டிலேயே எனக்கும் சோறு வைக்கிறார்கள்; நாய் தின்ற மிச்சத்தில் உயிர் வாழ்கிறேன்.” அந்த வரியை அவளே யோசித்து உண்டாக்கினாள். அதில் அவளுக்குப் பெருமை தாங்காது. வயதான யார் வந்தாலும் அதை எழுதி, கார்பன் நகல் ஒன்று பையில் வைத்துக்கொண்டு, வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குவாள்.

2010-ஆம் வருசம், ஒரு திங்கட்கிழமை பழனிவேல் தன் அப்பா கோவிந்தசாமியை பைக்கில் கூட்டிவந்து இறக்கினான். கிள்ளைப் பக்கத்து ஆள், மீன் ஏலம் எடுப்பவன். தங்கமான பிள்ளை என்று அமராவதி ஊரெல்லாம் சொல்லுவாள். அவள் புருசன் விசக்காய்ச்சலில் கிடந்தபோது, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள் கூடவே கிடந்தவன் அவன். “அக்கா, நான் சோறு போடலன்னு எழுதுனாத்தான் குடுப்பாங்களாம். என்னையத் தூக்கலா திட்டி எழுது” என்று சிரித்தான்.

கரும்பு தின்னக் கூலியா என்று அமராவதி பேனாவை எடுத்தாள். வாசித்துக் காட்டியபோது, நாய்த் தட்டு வரி வந்ததும் பழனிவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கோவிந்தசாமி தலையைக் குனிந்தபடி கட்டைவிரலை நீட்டினார். கடலில் திரிந்த மனுசருக்கு ஆபீஸ் என்றால் பயம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

யார் கண்டது, புதிதாக வந்த அதிகாரி அம்மா மனுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கிற ரகம். அதுவும் பெற்றவர்களைப் பார்க்காத பிள்ளைகளை உள்ளே தள்ளப் புதுச் சட்டம் வந்திருந்த நேரம். பழனிவேலுக்கு விசாரணைக் கடிதம் போனது. ஜெயில்கூட உண்டு என்று யாரோ சொல்லிவிட, ஏலக் கூடத்தில் அவனோடு பேசவே ஆளில்லை. முகமெல்லாம் வெளுத்து மரத்தடிக்கு வந்தவன், நீதான் அக்கா வந்து சொல்லணும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அமராவதிக்கு ராத்திரி தூக்கமில்லை. பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் மரத்தடியில் உட்கார விடமாட்டார்கள், பிழைப்பு போய்விடும். வாயை மூடிக்கொண்டால் ஒரு நல்ல பிள்ளை ஜெயிலுக்குப் போவான். புருசன் உயிரைக் காப்பாற்றினவனை நானே பிடித்துக் கொடுக்கவா என்று, விடியுமுன்னே முடிவு பண்ணிவிட்டாள்.

விசாரணை அறையில் அதிகாரி மனுவை உரக்கப் படித்தார். நாய்த் தட்டு வரியை இரண்டு தரம் படித்தார். அமராவதி எழுந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த வரி தன் கைச்சரக்கு, எல்லா வயசாளிகளுக்கும் அதையேதான் எழுதுவேன், பழனிவேல் அப்பனைத் தலையில் வைத்துத் தாங்குகிறவன், தண்டனை உண்டென்றால் தனக்குத்தான் தரவேண்டும் என்றாள். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது.

அதிகாரி கோவிந்தசாமியைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க ஐயா” என்றார்.

அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. அமராவதியைத்தான் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

“நான் ஒங்கிட்ட வாயே தொறக்கலியேம்மா. தட்டு விசயம் ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

இல்லை பெரியப்பா, அது நானாக எழுதினது என்று அமராவதி சொல்ல வாயெடுத்தாள். பழனிவேல் மறுப்பான் என்று அவன் பக்கம் திரும்பினாள். அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அடப்பாவி, அந்த வரிக்கா அன்றைக்கு அப்படிச் சிரித்தாய் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அதிகாரி அவனிடம் கேட்டது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

மரத்தடிக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பையைத் திறந்து கார்பன் நகல்களை மடியில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றிலும் அதே வரி. கொளஞ்சி, அமிர்தம், தனக்கோடி என்று வந்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அத்தனை பேருக்கும் அந்த வரியை வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஒருவர்கூட, இப்படியெல்லாம் இல்லையேம்மா என்று சொன்னதில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டுதான் விரலை நீட்டினார்கள்.

மேலே இருந்தது சவரியம்மாள் மனு. போன மாசம் எழுதியது, முகவரி பரங்கிப்பேட்டை. அமராவதி பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, அந்தத் தாளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.