அருவி பார்க்காமல் தங்கிய அம்மா

1. கேட்டுக்கு உள்ளே

கல்வராயன் மலையில் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்த அன்று, பொறுப்பில் இருந்த கிளார்க் சாவியைக் கையில் கொடுத்து இரண்டே விஷயம் சொன்னார்.

"கெஸ்ட்டு சாப்ட்டு எழுந்த பெறகுதான் நீ சாப்புடணும். எதுனா கேட்டா மட்டும் பேசு."

இரண்டும் எனக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை. நான் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். கணவர் இறந்து, பிள்ளையும் இல்லாமல், நைனார்பாளையத்தில் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தேன். ஒரு வேலை, படுக்க ஒரு அறை, அது போதும் என்றுதான் கச்சிராயபாளையத்தில் ஜீப் ஏறினேன்.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். சனிக்கிழமை வருவார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு, ஒரு ராத்திரி தங்கல், காலையில் அருவி, அங்கே போட்டோ, மதியம் இறக்கம். அப்புறம் வாரம் முழுக்க நானும் பம்ப் ஸ்டவ்வும்தான். வாட்ச்மேன் கோவிந்தன் மலைக்காரர், வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசமாட்டார். மிஞ்சின குழம்பைத் தூக்கில் ஊற்றிக் கொடுப்பேன். அதை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் ஊருக்கு எடுத்துப் போவார். சாப்பிட்டுவிட்டு வந்து வராந்தாவில் படுத்துக்கொள்வார்.

இப்படி இரண்டு வருஷம். கடைக்கும் பஸ்ஸுக்கும் தவிர கேட்டைத் தாண்டி நான் போனதில்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அடுப்போடு நான் பேசிக்கொண்டிருப்பதை நானே கேட்டுத் திடுக்கிட்ட நாளும் உண்டு. கடைசியில், அந்த மாதத்தோடு வேலையை விட்டு இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அண்ணி முகத்தைச் சுளிப்பாள் என்று தெரியும். சுளித்தாலும் அது ஒரு மனுஷி முகம்.

அப்போதுதான் அந்தம்மா வந்தார்கள்.

2. பிளான் மாறியது

வெள்ளைக்காரம்மா. பெயர் மார்த்தா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மெட்ராஸ் வாடகைக் கார், டிரைவர் பெயர் சேகர். ஒரு ராத்திரி, அருவி, மறுநாள் தஞ்சாவூர் என்பது ஏற்பாடு. ராத்திரி பெய்த மழையில் ஓடை புரண்டு ஓடியது. அருவிக்குப் போகிற வழியில் காட்டிலாகா ஆட்கள் சங்கிலி போட்டுவிட்டார்கள்.

சேகர் அடுப்படிக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா பண்றதுன்னே தெரியலக்கா. அருவி இல்ல, கெளம்பலாம்னேன். தஞ்சாவூரும் வேணாவாம். மூணு நாளு இங்கியே இருக்காங்களாம். ஜனங்க இருக்கிற எடத்தக் காட்டுன்றாங்க. இந்தக் காட்ல ஜனங்களுக்கு நான் எங்க போவேன்?"

வெந்நீர் அடுப்புக்கு விறகு கொண்டுவந்து போட்ட கோவிந்தன், "அப்ப நாங்க இன்னா, மரமா?" என்றார். அவர் வேடிக்கை பேசுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"கோச்சிக்காத தலைவரே," என்று சேகர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த பிளானு இவங்க போட்டது இல்லக்கா. வூட்டுக்காரரு போட்டது. அவரு செத்துட்டாரு. அவரு ஆசப்பட்ட எடத்தையெல்லாம் ஒத்தையா பாத்துக்கினு வந்தாங்க. கோயிலு, பீச்சு, அரண்மன, எங்க போனாலும் அவரு கூட இல்லியேன்னுதான் தோணுதாம். அவரு எழுதி வெக்காத ஒரு எடத்தப் பாத்தா போதும்ன்றாங்க."

நான் அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தேன்.

கோவிந்தன் தன் ஊருக்கே அழைத்துப் போவதாகச் சொன்னார். சேகர் வரவில்லை. ஷூ சேறாகிவிடும் என்றார். "பொம்பளைங்க ஒண்ணா போய்ட்டு வாங்க. நான் வண்டிய பாத்துக்கினு தூங்கறேன்."

முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன்.

3. இரண்டு இலை

மேடு ஏறி இறங்கினால் ஊர். இவ்வளவு பக்கத்தில் என்று நான் நினைக்கவே இல்லை. சாமைக் கொல்லைகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து வீடுகள். கோயில் எல்லையில் கோவிந்தன் செருப்பைக் கழற்றினார். மார்த்தாம்மாவும் பார்த்துத் தன்னுடையதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

கோவிந்தன் மனைவி அலமேலு வாசலுக்கு வந்தாள். வெள்ளைக்காரம்மாவை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தாள்.

"நீதானா அந்தச் சமையக்காரம்மா? ரெண்டு வருசமா உன் கொழம்பத் துண்ணுக்கினு இருக்கறோம், மூஞ்சி மட்டும் காட்டல."

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"உப்புதான் கம்மியா போடுற."

"வர்ற கெஸ்ட்டுங்க கம்மியா கேக்கறாங்க," என்றேன். என் கைச்சமையலைப் பற்றி அந்த மலையில் என்னிடம் முதலில் பேசியவள் அவள்தான்.

"ஒரு தபா வந்து எட்டிப் பாக்கறதுக்கு இன்னா?"

"யாரும் கூப்புடலியே."

அலமேலு புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியா? கெஸ்ட் அவுஸ் அம்மா நம்ம வூட்டுக்கெல்லாம் வருமா, கூப்ட்டு அசிங்கப்படாதன்னு என் வாய அடைச்சது நீதான?"

கோவிந்தன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. அலமேலு பாய் விரித்து இரண்டு இலை போட்டாள். மார்த்தாம்மா உட்கார்ந்ததும் என் கை தானாகக் கரண்டிக்குப் போயிற்று. கெஸ்ட் சாப்பிடும்போது நான் உட்கார்ந்ததில்லை. அலமேலு கரண்டியைப் பிடுங்கினாள்.

"இது என் அடுப்பு. நீ போயி ஒக்காரு."

மார்த்தாம்மா பாயில் தன் பக்கத்தைத் தட்டிக் காட்டினார்கள். உட்கார்ந்தேன். கணவர் போன பிறகு, முழங்கை இடிக்க ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டது அன்றுதான். பாதியில் அந்தம்மா கண்ணைத் துடைத்தார்கள். என்னையும் பார்த்த அலமேலு, "காரமா?" என்று தண்ணீரை நீட்டினாள். இரண்டு பேரும் ஆமாம் என்று தலையாட்டினோம்.

மூன்று நாளும் போனோம்.

4. சாத்தின கதவு

போகும்போது மார்த்தாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொன்னார்கள். என்ன என்று சேகரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமலே விட்டுவிட்டேன். இன்று வரைக்கும் தெரியாது.

கார் போன பிறகு விடுதி முன்னைவிட வெறிச்சென்று ஆகிவிட்டது. பாத்திரம் கழுவும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. மாதக் கடைசியில் கிளார்க்கிடம் சொல்லிவிட வேண்டும் என்றே இருந்தேன். அவர் வருவதற்கு முந்தின நாள், கோவிந்தன் சாமான் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தபோது, நான் தனியாக மேடு ஏறினேன். அன்று யாரும் கூப்பிடவில்லை.

அலமேலு வீடு சாத்தியிருந்தது. ஊரே களையெடுக்கப் போயிருந்தது. ஒரு நாய் மட்டும் என்னைப் பார்த்துக் குரைத்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

ஆனாலும் கிளார்க் வந்தபோது நான் வேலையை விடுவதாகச் சொல்லவில்லை. மறுவாரம் திரும்பவும் போனேன். அன்று கதவு திறந்திருந்தது.

கை ஓயும்வரை அந்த விடுதியில்தான் சமைத்தேன். தனிமை விட்டுப் போனது என்று சொன்னால் பொய். முக்கால்வாசி நாள் ஒற்றைத் தட்டுதான். ஆனால் மேட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியும்.

புது ஊரில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஊர்க்காரர்கள் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். நீங்கள் வருவீர்களோ மாட்டீர்களோ என்று அவர்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். நீங்களே போங்கள். கதவு சாத்தியிருந்தால் திரும்பி வந்துவிட்டு, அடுத்த வாரமும் போங்கள்.