நடு மைதானத்தால் நடந்து போனேன்

இரண்டாவது கோலும் விழுந்ததும் என் மாமனார் என் தொடையில் தட்டினார்.

"என்ன மருமகன், உங்கட ஊர்ப் பொடியனுகள் இந்த முறையும் சும்மா வந்து போறானுகள் போல" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்தது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவன். மனைவியின் ஊர் கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவில், எழுவான்கரையில். எங்கள் மாவட்டத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணுக்கு. அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. வாவிக்கரையில் ஒரு கொட்டில் போட்டுப் படகு எஞ்சின் திருத்துகிறேன். ஊரில் பாதிப் பேரின் எஞ்சின் என் கைபட்டதுதான். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு கப்புக்காக இரண்டு ஊருக்கும் இடையில் நடக்கும் உதைபந்தாட்டம் மட்டும்தான் தொல்லை. மாமனார் இந்த ஊர் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். மனைவியின் தம்பி கோல் காப்பாளர். நான் தலைவரின் மருமகன் என்பதால் பந்தலுக்குள் முதல் வரிசையில் எனக்கு ஒரு கதிரை. ஒன்பது வருடம் அந்தக் கதிரையில் இருந்து, என் ஊர் தோற்பதை வாய் திறக்காமல் பார்த்தேன். எங்கள் ஆள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது கதிரைக்கு அடியில் என் காலும் உதைக்கும். அது யாருக்கும் தெரியாது.

இடைவேளைக்கு விசில் ஊதினார்கள். இரண்டுக்குப் பூச்சியம். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர் தொண்டையைச் செருமினார்.

"படுவான்கரைத் தம்பிமாருக்கு ஒரு அறிவித்தல். கடைசிப் பாதை ஆறு மணிக்கு. மாடுகளும் காத்துக்கொண்டு நிக்கும். விரும்பினா இப்பவே வெளிக்கிடலாம்."

வாவியைக் கடக்க எங்கள் ஆட்களுக்கு இருப்பது 'பாதை' என்கிற மிதவைதான். மோட்டார் சைக்கிளும் மனிதரும் நெல் மூட்டையும் ஒன்றாக ஏறும். அன்றைக்கு எங்கள் ஊர்க்காரர் அறுபது எழுபது பேர் அதில் வந்திருந்தார்கள். மத்தியானம்வரை வயல் வட்டைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, காலில் சேறு காயாமல் வந்தவர்களும் இருந்தார்கள். மைதானத்தின் மறுபக்கம் பந்தல் கிடையாது. பின்னேர வெயில் முகத்தில் அடிக்க, துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அறிவிப்பைக் கேட்டுப் பந்தலே குலுங்கிச் சிரித்தது. மறுபக்கத்தில் என் பெரிய அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எழுந்தேன்.

"எங்க மருமகன்? சோடா வருது, இரிங்க."

"அங்கால போறன் மாமா."

"எங்கால?"

நான் கையைக் காட்டினேன். மைதானத்தைச் சுற்றிப் போயிருக்கலாம். அப்படிப் போனால் ஒளித்துப் போனது போல இருக்கும் என்று பட்டது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, நடு வட்டத்தின் ஊடாக நேரே நடந்தேன். பந்தலில் சிரிப்பு அடங்கிவிட்டது. பெண்கள் பக்கத்தில் என் மனைவி இருந்தாள். அவள் பார்வை என் முதுகில் படுவது தெரிந்தது. ஒருவன் ஊளையிட்டான். இன்னொருவன், "சோறு இஞ்ச, கத்துறது அங்கயா?" என்று கேட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் தன் துவாயை எடுத்து என் தலையில் போட்டார்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் நான் கத்தத் தொடங்கினேன். ஒன்பது வருடக் கத்தல். அடைத்திருந்த எஞ்சின் முதலில் புகை கக்குவது போலத்தான் குரல் வந்தது; பிறகு பிடித்துக்கொண்டது. மூலையில் இருந்து வந்த பந்தை எங்கள் நெட்டையன் தலையால் அடித்து உள்ளே போட்டான். இரண்டுக்கு ஒன்று. பந்தலில் இருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்டனை உதை கிடைத்தது. என் மைத்துனன் சரியான பக்கம்தான் பாய்ந்தான். பந்து அவன் விரலில் பட்டுத்தான் வலைக்குள் போனது. இரண்டுக்கு இரண்டு. அதன் பிறகு பந்தலுக்குள் யாரும் குந்தி இருக்கவில்லை, எல்லாரும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்கள்.

மத்தியஸ்தர் கையில் மணியைப் பார்க்கத் தொடங்கிய நேரம். எங்கள் பின்வரிசையில் ஒரு டிராக்டர் ஓட்டுநர் விளையாடினார். முப்பத்தைந்து வயது, வயிறும் கொஞ்சம் வைத்திருந்தது. அவர் பாதி மைதானம் தாண்டி வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தட்டுப்பட்டு வந்த பந்து அவர் காலடியில் விழுந்தது. "அடி அண்ணே!" என்று நான் கத்தினேன். அவருக்கு அது கேட்டிருக்காது. அவர் அடித்தார். பந்து நிலத்தில் ஒரு தடவை குத்தி எழும்பி, என் மைத்துனனின் இரண்டு கைகளுக்கும் நடுவால் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. நான் அண்ணனைத் தூக்கினேன், அவர் என்னைவிடக் கனமானவர். யாரோ ஒருவர் என் சேர்ட்டைக் கிழித்தார். விசில் ஊதியதும் எழுபது பேரும் ஒலிபெருக்கி மேசைக்கு முன்னால் போய் நின்றோம். அறிவிப்பாளர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பாதைக்கு இன்னும் நேரம் கிடக்கு. கப்பைத் தாங்க, ஏத்திக்கொண்டு போவம்" என்றேன் நான்.

அப்போதுதான் மைத்துனனைக் கண்டேன். வலைக்குள் முகம் குப்புறக் கிடந்தான். பாவம் என்று நினைத்தேன் என எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் நினைக்கவில்லை.

துறையடி வரை கூடப் போய் அவர்களை ஏற்றிவிட்டு, கிழிந்த சேர்ட்டோடு ஊர் நடுவால் வீட்டுக்கு வந்தேன். மனைவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நடுக் கிரவுண்டால நடந்து போனீங்களே, வெக்கமா இல்லையா?"

"ஒன்பது வருசம் கதிரையில குந்தி இருந்ததுதான் வெக்கம்."

"என்ட தம்பி அழுதவன்."

"நாங்க ஒன்பது வருசம் அழுத நாங்க. ஒருத்தரும் கேக்கல்ல."

அவள் சோறு போட்டாள், மீன் துண்டு வைக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை கொட்டிலுக்கு இரண்டு பேர் வந்து, திருத்தக் கொடுத்திருந்த எஞ்சின்களைத் திருப்பிக் கேட்டார்கள். ஒன்று பாதி கழற்றிய நிலையில் கிடந்தது. ஆணி ஒன்றும் தவறாமல் பையில் கட்டி, எஞ்சினோடு கொடுத்தேன். "பார்த்துக் கொண்டு போங்க" என்றேன்.

அன்று பின்னேரம் மாமனார் வந்தார். வெளி விறாந்தையில் இருந்து, வெற்றிலையை மடித்தபடி தொடங்கினார்.

"கழகத்தில எல்லாரும் கொதிச்சுப் போய் நிக்கிறாங்க மருமகன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரிக்கி. வந்து தெரியாம நடந்திட்டு எண்டு ஒரு சொல்லுச் சொன்னா முடிஞ்சிரும்."

"தெரிஞ்சுதான் நடந்தது மாமா."

"எனக்காகச் சொல்லப்படாதா?"

அவர் எனக்குக் கெடுதல் செய்த மனிதர் அல்ல. கொட்டில் போட மரம் தந்தவர். அதனால் மெதுவாகத்தான் சொன்னேன்.

"மாமா, இந்த ஊருக்கு என்ன வேணுமெண்டாலும் செய்வன். கோயிலுக்கு லைட் கட்டினன். செத்த வீடுகளில பாடை தூக்கினன். வெள்ளத்துக்குள்ள தோணி விட்டன். நாளைக்கும் செய்வன். ஆனா கத்துறது என்ட ஊருக்குத்தான் கத்துவன். அதுக்கு மன்னிப்புக் கேக்க ஏலா."

மாமனாரின் முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து மனைவி வந்தாள். எனக்குப் பயம் வந்தது. இனி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"அப்பா, இவர் மன்னிப்புக் கேட்டா கப்பு திரும்பி வருமா?"

"அதில்லை மகள்…"

"வராதுதானே. மறுகா என்னத்துக்கு? தோத்த நாங்கதான். அடுத்த வருசம் அடிச்சு எடுப்பம். இவரக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு மன்னிப்பு வாங்கினா, தோத்த கூட்டம் மருமகனப் பிடிச்சிட்டு நிக்குது எண்டு அக்கரையில சிரிப்பாங்க. எனக்கு அதுதான் வெக்கம்."

மாமனார் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.

மைத்துனன் ஒரு வாரத்துக்கு மேல் என் கொட்டில் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து, வாசலில் நின்றபடி கேட்டான்.

"அத்தான், அந்தக் கடைசிக் கோல் அடிச்ச ஆள் ஆரு?"

"டிராக்டர் ஓட்டுற அண்ணன்."

"முந்தி எங்கயாவது விளையாடினவரா?"

"இல்ல. சும்மா அடிச்சவர்."

"சும்மாவா!" என்று அவன் தலையில் கை வைத்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. நான் அந்தக் கோலுக்காக மன்னிப்புச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

இந்த வருடம் பந்தலில் எனக்குக் கதிரை போடவில்லை. போட்டிருந்தாலும் போயிருக்கமாட்டேன். தொடக்கத்திலேயே வெயில் பக்கம் போய் அண்ணனோடு நின்றுகொண்டேன். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். ஒவ்வொரு கோலுக்கும் பெண்கள் பக்கத்தில் இருந்து என் மனைவி எழுந்து, வேண்டுமென்றே என் பக்கம் பார்த்துக் கத்தினாள். நானும் விசில் ஊதும்வரை திருப்பிக் கத்தினேன்.